க்ரூஸர் பைக்கில் கியர் மாற்றும்போது 'டங்' என்ற சத்தம்: உதவி தேவை

தாமிரபரணிக்காரன்:
வணக்கம். என் வண்டியில் கியர் மாற்றும்போதெல்லாம் சுத்தியலால் தட்டியது போல 'டங்' என்று ஒரு சத்தம் எழுகிறது. சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சர்வீஸ் மையத்தில் காட்டினேன். இந்த வகை வண்டிகள் எல்லாம் அப்படித்தான் என்று சொல்லி, ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்கள். வரும் சனிக்கிழமை மனைவியுடன் திருநெல்வேலியிலிருந்து தனுஷ்கோடி வரை செல்ல இருக்கிறேன். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. விரைவாகப் பதில் தாருங்கள்.

வால்பாறை40:
எந்த வண்டி, எத்தனை சிசி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சத்தம் எல்லாக் கியரிலும் வருகிறதா அல்லது நியூட்ரலிலிருந்து முதல் கியருக்குப் போடும்போது மட்டும் வருகிறதா என்பதைச் சொல்லுங்கள். செயின் வண்டியா, ஷாஃப்ட் வண்டியா என்பதும் தெரிய வேண்டும்.

செயின்கவர்:
ஆயில்தான் காரணம். 15டபிள்யூ-50 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் அளவு) முழு சிந்தெடிக் ஊற்றிப் பாருங்கள். என் வண்டியில் மினரல் ஆயிலை நிறுத்திய அன்றே கியர் வெண்ணெய் போல விழத் தொடங்கியது. சர்வீஸ் மையத்தில் எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்று ரசீதில் பாருங்கள்.

பழைய இரும்பு:
தம்பி, நான் முப்பது ஆண்டுகளாக வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஓட்டுகிறேன். எங்கள் வண்டியில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். நியூட்ரலைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மிதியே உண்டு. அந்தக் காலத்தில் கியர் விழுந்ததா என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சத்தம் என்பது நோய் அல்ல, கியர் சரியாக விழுந்துவிட்டது என்பதற்கான செய்தி. இன்றைய பிள்ளைகள் மின்சார ஸ்கூட்டருக்குப் பழகிவிட்டு எல்லா வண்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு கியர்பாக்ஸைப் பற்றிப் பேசலாம்.

பட்டறைப்பிள்ளை:
பெரியவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. எந்த நேரத்தில் வருகிறது என்பதைப் பிரித்துக் கேட்டால், கியர்பாக்ஸைத் தொடாமலேயே காரணத்தை நெருங்கிவிடலாம்.

நின்ற இடத்தில் முதல் கியர் போடும்போது வரும் 'டங்' பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விலகாததால் வருவது. எஞ்சின் ஓடிக்கொண்டு வண்டி நியூட்ரலில் நிற்கும்போது, கிளட்ச்சோடு சேர்ந்த தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். பின்சக்கரத்தோடு சேர்ந்த தண்டு அசையாமல் நிற்கும். நாம் கிளட்ச்சைப் பிடித்தாலும், பிளேட்டுகள் ஆயிலில் மூழ்கியிருப்பதால் இடையில் உள்ள ஆயில் படலம் அந்தத் தண்டைச் சிறிது நேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லும் நிற்கிற பல்லும் சட்டென்று கோத்துக்கொள்ளும்போது எழுவதுதான் அந்தச் சத்தம். காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருப்பதாலும், குளிர்ந்த எஞ்சின் கூடுதல் சுற்றில் ஓடுவதாலும் இது அதிகமாகக் கேட்கும். கிளட்ச்சைப் பிடித்து இரண்டு விநாடி பொறுத்துக் கியர் போட்டால் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். நன்றாகக் குறைந்தால் கிளட்ச் கேபிளின் ப்ளேயைத்தான் (கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லீவர் வெறுமனே நகரும் தூரம்) முதலில் அளக்க வேண்டும்.

ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகையில் வருவது வேறு. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது, கியரே மாற்றாமல் வரும் 'கடக்' இன்னும் வேறு. அது செயின் தளர்ச்சியிலோ பின்சக்கர ஹப் ரப்பரிலோ (சக்கரத்துக்கு வரும் இடிப்பைத் தாங்கும் ரப்பர் துண்டுகள்) இருந்து வரும். உங்களுடையது எது?

தாமிரபரணிக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எதையும் எழுதவில்லை. 350 சிசி, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர், செயின் வண்டி. 18,400 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் மையத்தோடு பேச்சு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் எழுத விரும்பவில்லை. காலையில் முதல் கியர் போடும்போது மிகவும் அதிகம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போதும் கேட்கிறது. ஆயில் 15டபிள்யூ-50, ஊற்றி 600 கிலோமீட்டர்தான் ஆகிறது.

வால்பாறை40:
கியரை மேலே ஏற்றும்போது குதிகாலால் மிதிக்கிறீர்களா, விரல் பக்கத்தால் தூக்குகிறீர்களா? க்ரூஸரில் குதிகால் மிதியை முழுக் காலின் எடையோடு அழுத்துவது பலருக்கும் பழக்கம். அந்த மிதியில் எவ்வளவு விசை போகிறது என்பது காலுக்குத் தெரியாது. என் வண்டியில் அந்தப் பழக்கத்தை விட்டு, லீவருக்குக் கீழே காலை லேசாக முட்டுக்கொடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை விடுவதும் கிளட்ச்சைப் பிடிப்பதும் ஒரே நொடியில் நடக்கும்படி விரைவாக மாற்றினேன். பாதிச் சத்தம் அங்கேயே போய்விட்டது. தயங்கித் தயங்கி மெதுவாக மாற்றினால் சத்தம் குறையும் என்று நினைக்கிறோம், ஆனால் மேல்கியருக்கு அது நேர்மாறாகவே அமைகிறது. சுற்று குறைவாக இருக்கும்போதே மாற்றுவதும் உதவும், ஏனென்றால் இரண்டு கியர்களுக்கும் இடையிலான வேக வித்தியாசம் சுற்றோடு சேர்ந்தே ஏறுகிறது.

செயின்கவர்:
15டபிள்யூ-50 என்றால் மினரலா, செமியா, முழு சிந்தெடிக்கா என்று சொல்லவில்லையே. மினரல் என்றால் நான் சொன்னதுதான். அது கிடைக்காவிட்டால் நல்ல கார் ஆயில் 5டபிள்யூ-30 கூட ஊற்றலாம், காலையில் மெலிதாக இருப்பதால் கிளட்ச் இழுக்காது.

வால்பாறை40:
தயவுசெய்து இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். எஞ்சினும் கிளட்ச்சும் கியரும் ஒரே ஆயிலில் ஓடும் வண்டிக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தரக்குறிகள்) என்று டப்பாவில் அச்சிட்ட ஆயில்தான் வேண்டும். ஜப்பானில் அந்தத் தரத்தை 1998ல் கொண்டுவந்ததே, காருக்கான புதிய ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்களால் பைக் கிளட்ச் நழுவக்கூடும் என்பதால்தான். எரிபொருள் சிக்கனத்துக்கான கார் ஆயிலை ஊற்றினால் சத்தம் குறையுமோ குறையாதோ, மேட்டில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது.

செயின்கவர்:
என் மாமா பத்து ஆண்டுகளாகக் கார் ஆயில்தான் ஊற்றுகிறார். இதுவரை ஒரு பிளேட்டும் எரியவில்லை. டப்பாவில் எம்ஏ2 என்று அச்சடித்துவிட்டால் விலை ஏறுகிறது என்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

பழைய இரும்பு:
இருவருக்கும் அடிப்படை தெரியவில்லை. எங்கள் வண்டியில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒன்று. ஹார்லியின் பெரிய இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் எஞ்சின், பிரைமரி (கிளட்ச்சும் அதை ஓட்டும் செயினும் உள்ள அறை), கியர்பாக்ஸ் என்று மூன்று இடங்களில் தனித்தனியாக ஊற்றுகிறார்கள். அதனால் ஒன்றுக்கு ஏற்ற ஆயிலை இன்னொன்றின் மேல் திணிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டுவிட்டு, பிறகு ஆயிலுக்காகச் சண்டை போடுகிறீர்கள்.

பட்டறைப்பிள்ளை:
ஐயா, அப்படித் தனித்தனியாக ஊற்றும் அந்த ஹார்லியிலும் முதல் கியர் விழும் சத்தம் தெரு முனை வரை கேட்கும். ஆகவே ஆயிலைப் பிரிப்பது மட்டுமே தீர்வாகாது. பெரிய முறுக்குவிசையைத் தாங்கும் பெரிய கியர், மெதுவாகச் சுற்று இறங்கும் கனமான பிளைவீல், காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் சத்தத்தை உள்வாங்க எஞ்சினைச் சுற்றி நீர் ஓடும் உறை இல்லாமை, முன்னால் தள்ளி வைத்த கால்மிதிக்காக நீட்டப்பட்ட கியர் ராடு என்று க்ரூஸரில் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அந்த ராடின் இரு முனையிலும் உள்ள மூட்டு தேய்ந்து ஆடினால் கியர் விழும் ஒவ்வொரு முறையும் அதுவும் சேர்ந்து தட்டும். கியர் லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

செயின்கவர் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது. கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே 2,500 கிலோமீட்டருக்குப் பிறகு கியர் கரடுமுரடாவதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஆனால் இவருடைய ஆயிலுக்கு 600 கிலோமீட்டர்தான் வயது. ஆகவே இந்த வண்டியில் நான் ஆயிலைச் சந்தேகிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஆயிலைத் தவிர அண்மையில் வேறு ஏதாவது மாற்றினார்களா?

தாமிரபரணிக்காரன்:
ஆம், சொல்ல மறந்துவிட்டேன். போன மாதம் கிளட்ச் கேபிள் அறுந்து, வழியில் ஒரு கடையில் புதிதாகப் போட்டேன். சத்தம் அதற்குப் பிறகுதான் அதிகமானது என்று இப்போது தோன்றுகிறது.

பட்டறைப்பிள்ளை:
இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். புதுக் கேபிள் சில நாட்களில் சற்று நீண்டு உட்காரும். அதன் பிறகு ஒருமுறை மறுபடி சரிசெய்ய வேண்டும், அதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். கிளட்ச் லீவரின் அடிப்பகுதியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் ப்ளே இருந்தால் போதும். அதைவிட அதிகமாக இருந்தால், நீங்கள் லீவரை முழுதாகப் பிடித்தாலும் பிளேட்டுகள் முழுதாகப் பிரிவதில்லை. சிக்னலில் நின்றுகொண்டு நியூட்ரல் பிடிக்கச் சிரமப்படுவதும், முதல் கியரில் கிளட்ச் பிடித்தபடி நிற்கும்போது வண்டி முன்னால் ஊர்வதும் இதற்கான அடையாளங்கள். ப்ளேயே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். கிளட்ச் நழுவித் தேய்ந்துவிடும்.

இன்னொன்று: காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் நான்கு முறை உருட்டுங்கள். இரவெல்லாம் ஒட்டிக்கிடந்த பிளேட்டுகள் பிரிந்துவிடும்.

பயணத்துக்கு முன் செயினையும் அளந்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 25 முதல் 35 மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கலாம். உங்கள் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. ஓரிடத்தில் மட்டும் அளக்காமல், சக்கரத்தைச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும்.

வால்பாறை40:
ஐட்லிங்கையும் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) பாருங்கள். கையேட்டில் சொன்னதைவிட 300 சுற்று ஏற்றி வைத்திருந்தாலே முதல் கியர் இடிக்கும்.

தாமிரபரணிக்காரன்:
சொன்னபடி பார்த்தேன். லீவரில் ப்ளே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருந்தது, 2க்குக் கொண்டுவந்தேன். முதல் கியர் சத்தம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, நியூட்ரலும் எளிதாக விழுகிறது. செயின் 50 மில்லிமீட்டர் ஆடியது, அதையும் இழுத்துவிட்டேன். மூன்றாம் கியர் சத்தம் கொஞ்சம் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி. நாளை அதிகாலை புறப்படுகிறோம்.

பட்டறைப்பிள்ளை:
மகிழ்ச்சி. செயின் அவ்வளவு தளர்ந்து ஓடியிருந்தால் ஹப் ரப்பரும் அடி வாங்கியிருக்கும். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) நிற்க, சக்கரம் மட்டும் தாராளமாகத் திரும்பினால் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்படி இருந்தால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள்; இருவர் ஏறிச் செல்லும் நீண்ட பயணத்தில் அந்த இடிப்பு முழுவதும் செயினுக்கும் கியருக்கும் போகும்.

பழைய இரும்பு:
கேபிளை நான்கு திருகு திருகியதற்கு இத்தனை பேச்சு. ஆனாலும் இரண்டாம் கியரில் உருட்டும் வழக்கத்தை நானும் செய்து வருகிறேன், அது நல்ல வழக்கம்.

செயின்கவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு):
தாமிரபரணிக்காரரே, ஹப் ரப்பரைப் பார்த்தீர்களா? எனக்கும் மூன்றாம் கியரில் அதே சத்தம் தொடங்கியிருக்கிறது. ஆயில் முழு சிந்தெடிக், ஊற்றி 400 கிலோமீட்டர்தான் ஆகிறது.