கியர்பொக்ஸ் ஸ்லிப் ஆகுதா (என்ஜின் வேகமாகச் சுற்றியும் வண்டி இழுக்காமல் வழுக்குதா)? கழற்றக் கொடுக்கமுன் இதை வாசியுங்கள்

ஸ்காபறோ (கனடா), 2003 டொட்ஜ் கிராண்ட் காரவன் வான்

3.3 லீற்றர் என்ஜின், நாலு கியர் ஒட்டோமெட்டிக். பாவித்த வண்டியாக வாங்கினேன். கோடை முழுக்க ஒழுங்காக ஓடியது. குளிர் தொடங்கியதும் காலையில் டிரைவில் போட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இழுக்கும். பிறகு இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 2,000-இலிருந்து 3,500-க்கு எழும்பும், வேகம் மட்டும் ஏறாது. ஒருநாள் 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் றாம்பில், பிள்ளைகள் பின்னால் இருக்க, இரண்டாம் கியரிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் மேலே மாறவில்லை. ஓரமாக நிறுத்தி, ஓஃப் பண்ணித் திருப்பி ஸ்ரார்ட் பண்ணினால் வழமைபோல ஓடியது.

முதலில் பார்த்த கராஜில் வண்டியைத் தூக்கியும் பார்க்காமல் "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, ரீபில்ட்தான்" என்றார்கள், அதாவது முழுதாகக் கழற்றிப் புதுப்பிப்பது. சொன்ன விலைக்கு இன்னொரு பழைய வானே வாங்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கியர்பொக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன்.

அவர் பிழைக் கோட்களை வாசிக்கும் ஸ்கானரை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "தம்பி, குளிரிலயோ சூட்டிலயோ? எந்தக் கியரில? ரிவர்ஸ் இழுக்குதோ? நாலாம் கியரில ஏத்தத்தில மிதிச்சா முள் எழும்புதோ?" ஏன் கேட்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. என் வண்டியில் இருக்கும் 41டி.இ. என்ற கியர்பொக்ஸில் மூன்றாம் கியருக்கும் நாலாம் கியருக்கும் பொதுவான ஒரு கிளட்ச் (கியரைப் பிடித்து வைக்கும் தட்டுகள்) இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் நாலிலும் வழுக்கவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று மூன்றுக்கும் பொதுவாக இன்னொன்று. முதல் கியரும் ரிவர்ஸும் பகிர்வது வேறொன்று. எந்தெந்தக் கியரில் வழுக்குகிறது என்று எழுதி வைத்தாலே எந்தக் கிளட்ச் என்று பாதி தெரிந்துவிடும். என் வண்டி நாலாம் கியரில் இறுக்கமாகப் பிடித்தது. மாறும் அந்த ஒரு கணத்தில்தான் வழுக்கியது. "அப்ப கிளட்ச் இன்னும் இருக்கு" என்றார்.

றாம்பில் இரண்டாம் கியரிலேயே நின்றதும் கியர்பொக்ஸை இயக்கும் கணினி வேண்டுமென்றே செய்ததுதான். பிழை ஒன்றைக் கண்டதும் சொலினொயிட்களுக்கான (கியரை மாற்றும் மின் வால்வுகளுக்கான) மின்சாரத்தை நிறுத்திவிடும். அந்த நிலையில் முன்னுக்குப் போக இரண்டாம் கியர் மட்டும்தான் மிஞ்சும், வீட்டுக்கோ கராஜுக்கோ போய்ச் சேர. ஒவ்வொரு கியருக்கும் ஒரு விகிதம் உண்டு: முதலாவதுக்கு 2.84, இரண்டாவதுக்கு 1.57, மூன்றாவதுக்கு 1.00, நாலாவதுக்கு 0.69. உள்ளே போகும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் இரண்டு சென்சர்கள் அளக்க, கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் பிழை. என்னிடம் இருந்த மலிவான ஸ்கானர் பி0700 என்ற பிழைக் கோட்டை மட்டும் காட்டியது. அதன் பொருள் "கியர்பொக்ஸ் கணினியைக் கேள்" என்பதுதான், அதை வைத்து ஒரு பாகமும் மாற்றக்கூடாது. அவருடைய ஸ்கானரில்தான் பி0733 வந்தது, மூன்றாம் கியர் விகிதப் பிழை.

பிறகு ஒயில். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நன்றாகச் சூடான பிறகு, பார்க்கில் போட்டு, ஹான்ட் பிறேக் இழுத்துவிட்டு டிப்ஸ்ரிக் (ஒயில் அளவு பார்க்கும் குச்சி) பார்க்கவேண்டும். அளவு சரி. ஆனால் வண்டியோடு வந்த பழைய பில்களில் ஒன்றில், எல்லா வண்டிக்கும் பொருந்தும் "யூனிவேர்சல்" ஒயில் ஊற்றியதாக இருந்தது. இந்தக் கியர்பொக்ஸ் கேட்பது ஏ.ரி.எஃப். பிளஸ் 4 என்ற ஒயில். கிளட்ச் தட்டுகள் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது ஒயிலின் உராய்வுத் தன்மையில் தங்கியிருக்கிறது. கணினி மாற்றும் நேரத்தைக் கணிப்பதும் அதை நம்பித்தான். இன்னொரு விஷயம்: "ஒயில் சிவப்பாக இல்லை, மணக்குது, கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். பிளஸ் 4-இன் சிவப்புச் சாயம் நிரந்தரமானதல்ல, ஓட ஓடக் கறுக்கும், மணமும் மாறும்.

கியர்பொக்ஸின் அடியில் இருக்கும் ஒயில் தட்டை (பான்) இறக்கினோம். வடிக்கும் போல்ட் இல்லாததால் ஒரு மூலையைத் தளர்த்தித்தான் வடிக்கவேண்டும், எங்கும் ஒயில்தான். பானுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக இருந்தது, அது வயதுக்கு இயல்பு. கறுப்புத் துண்டுகள் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. புது பில்டர் போட்டு பிளஸ் 4 ஊற்றினோம். பானில் வருவது 4 லீற்றர் அளவுதான், மொத்தக் கொள்ளளவு அதில் இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே சில வாரம் ஓடி, திரும்ப வடித்து, திரும்ப ஊற்றிப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றினோம். கடைசியில் அந்த அண்ணை ஸ்கானரால் கணினிக்குக் கியர் மாற்றும் நேரத்தைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு மெதுவாக மிதித்து ஒன்றிலிருந்து நாலுவரை பலமுறை மாறவிட்டேன்.

முள் எழும்புவது நின்றுவிட்டது. மைனஸ் 20-இல் காலையில் டிரைவில் போடும்போது அந்தத் தாமதம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதற்காகக் கழற்றப்போவதில்லை.

மொன்றியல், அதே வண்டி, 2005

எனக்கும் இரண்டாம் கியரில் பூட்டுப்பட்டது. ஆனால் ஆர்.பி.எம். எழும்பவே இல்லை, நிற்கப்போகும்போது ஒரு அடி அடித்து இறங்கும். கோட் பி0720, வெளியேறும் வேகத்தை அளக்கும் சென்சர். பனிக்காக வீதியில் போடும் உப்புத் தண்ணீர் போய் வயர் முனை பச்சையாகிக் கிடந்தது. சென்சரையும் முனையையும் மாற்றியதோடு சரி. ஸ்லிப் என்று சொல்வதற்கு முன் முள்ளைக் கவனியுங்கள்.

ஹற்றன் (இலங்கை), டொயோட்டா டவுன் ஏஸ் வான்

எங்கள் பக்கம் பழைய டவுன் ஏஸ் ஒட்டோமெட்டிக் இன்னும் ஓடுகிறது. இதில் கணினியைவிட கேபிள்தான் முக்கியம். அக்ஸிலேட்டரோடு சேர்ந்து கியர்பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது, எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவுக்கு உள்ளே ஒயில் அழுத்தம் கூடும். அந்தக் கேபிள் தொய்ந்துபோனால் கியர் முன்கூட்டியே மாறும், அழுத்தம் குறையும், பாரம் ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஏற்றத்தில் போகும்போது கிளட்ச் வழுக்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. அப்படியே ஓடினால் நல்ல கிளட்சும் எரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கியர்பொக்ஸ் மாற்றத் தயாரானபோது மெக்கானிக் கேபிளை இழுத்துச் சரிசெய்து கொடுத்தார், அத்தோடு தீர்ந்தது.

ஏஜக்ஸ், 2002 கிராண்ட் காரவன்

மேலே சொன்னவர்களுக்கு நல்லபடி முடிந்ததில் சந்தோசம். என் வண்டியில் முதல் மூன்று கியரும் வழுக்கியது, சூடானால் இன்னும் மோசம். பானில் கறுப்புச் செதில்கள், பித்தளை நிறத்தில் மினுக்கும் துகள்கள். அதைக் கண்டபிறகு ஒயில் மாற்றிப் பயனில்லை. போத்தலில் விற்கும் "ஸ்லிப் நிறுத்தி" மருந்துக்கும் காசு செலவழிக்காதீர்கள், றப்பர் சீல் கொஞ்சம் ஊதுவதால் சில நாள் பிடிக்கும், தேய்ந்த தட்டு வளராது. நான் ரீபில்ட் செய்தேன், வண்டி மற்றப்படி துருப்பிடிக்காமல் இருந்ததால். உடம்பு துருப்பிடித்த வண்டிக்கு அந்தக் காசைப் போடச் சொல்லமாட்டேன்.

ரீபில்ட் செய்தால் கூலர் லைன்களையும் (கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாய்கள்) கழுவச் சொல்லிக் கேளுங்கள். பழைய துகள்கள் அதற்குள் தங்கியிருந்து புதுக் கியர்பொக்ஸுக்குள் வரும்.

ஸ்காபறோவிலிருந்து மீண்டும்

கியர்பொக்ஸ் ஒயிலை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். நான் 50,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பான் இறக்கி பில்டர் மாற்றுகிறேன். அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், நுரைத்து அதுவே வழுக்கவைக்கும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் இளஞ்சிவப்புப் பாலாடை போல இருந்தால் றேடியேற்றருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ற் கலந்திருக்கிறது. அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள், டோ பண்ணி எடுத்துப் போங்கள். பின்னால் வந்த ஆறு கியர் வான்களில் டிப்ஸ்ரிக்கே கிடையாது, குழாயில் மூடி மட்டும்தான். அவற்றை வைத்திருப்பவர்கள் ஸ்கானரில் ஒயில் வெப்பநிலை பார்த்து அளக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். குளிர்காலம் முடிந்ததும் வண்டியைத் தூக்கும்போது கூலருக்குப் போகும் இரும்புக் குழாய்களையும் பானின் விளிம்பையும் தடவிப் பாருங்கள், எங்கள் ஊர் உப்பு முதலில் தின்பது அந்த இடங்களைத்தான்.