சுரண்டுவதற்கு முன் படியுங்கள்: ஒரு பழைய ராணுவ ஜீப்புக்கு மறுவண்ணம் பூசிய அனுபவம்

பழைய ராணுவ வண்டிகளுக்கு வண்ணம் பூசிய அனுபவங்களை இங்கே எழுதிய நண்பர்களில் பலர் எந்தப் பெயின்ட், எத்தனை பூச்சு என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பே செய்தாக வேண்டிய ஒரு வேலையைப் பற்றி எழுத விரும்புகிறேன். வண்டியின் மேல் ஏற்கெனவே இருக்கும் வண்ணங்களை, அவற்றைச் சுரண்டி எறிவதற்கு முன், ஒவ்வோர் அடுக்காகப் படித்துவிட வேண்டும்.

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் ஓடிவிட்டுக் கொட்டகையில் நின்றுபோன ஜீப் ஒன்றை நண்பர் ஒருவர் வாங்கிக் கோவைக்குக் கொண்டுவந்தார். சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டகத்தின்) முன் குறுக்குச் சட்டம் குழாய் வடிவில் இருந்ததால் அது வில்லிஸ் நிறுவனத்தின் எம்.பி. ஜீப் என்று தெரிந்தது. அதே வடிவமைப்பில் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த ஜி.பி.டபிள்யூ. வண்டியாக இருந்தால் அவ்விடத்தில் கவிழ்த்து வைத்த ‘ப’ வடிவச் சட்டம் இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. அவற்றில் ஒன்று நம் ராணுவத்தின் வழியாக மலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை முழுவதும் அதன் பெயின்டிலேயே இருந்தது.

வெயில் படாத இடங்களைத் தேர்ந்துகொண்டோம்: பானட்டின் உட்புறம், பெயர்த்தகட்டின் அடி, மண்வெட்டியும் கோடரியும் மாட்டும் பிடிகளின் பின்புறம். அங்கெல்லாம் 400ஆம் எண் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில்) தொடங்கி 800, 1200 என்று மென்மையாக்கிக்கொண்டே போய், உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத்தைச் சரிவாகத் தேய்த்தால், ஒவ்வொரு பூச்சும் வட்டத்துக்குள் வட்டமாக வெளிப்படும். எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும், முகமூடியும் அணிய வேண்டும். அக்காலப் பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த தூசியை மூச்சில் இழுப்பது உண்மையிலேயே ஆபத்தானது.

மேலே தோட்டத்தின் வெளிர்நீலம் இருந்தது. அதன் கீழே சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பிறகு நம் ராணுவத்தின் அடர்பச்சை, அதுவும் தூரிகைக் கோடுகள் தெரியும்படி பல தடிமனான பூச்சுகளாக. அதற்கும் அடியில் பழுப்பு கலந்த, பளபளப்பே இல்லாத அமெரிக்கப் பச்சை. முன் பம்பரில் நீலத்தைத் தேய்த்தபோது மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும், அதை அடுத்து இரண்டு இலக்கங்களும் மங்கலாகத் தெரிந்தன. வேலையைப் பார்க்க வந்திருந்த, ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவின் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், “இது நம்ம ராணுவ நம்பர் தம்பி, அம்புக்கு அடுத்து வர்றது வண்டியைப் படையில எடுத்த வருஷம்” என்று உடனே சொன்னார். ஆய்வுக்கு அதிகாரிகள் வருவதற்கு முன் இருக்கிற பெயின்டின் மேலேயே தூரிகையால் இன்னொரு பூச்சு அடிப்பது தம் யூனிட்டில் வழக்கம் என்றும் அவர் விளக்கினார். பச்சை மட்டும் ஏன் அவ்வளவு தடிமனாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நேராகச் சாண்ட் பிளாஸ்டிங்குக்கு (காற்றழுத்தத்தில் மணலை வீசிப் பெயின்டை உரிக்கும் வேலைக்கு) அனுப்பியிருந்தால் அந்த அம்புக்குறி யார் கண்ணிலும் படாமலே போயிருக்கும்.

சாண்ட் பிளாஸ்டிங் கூடாது என்று நான் சொல்லவில்லை. சேசிஸுக்கும் சக்கரங்களுக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. பானட், பக்கத் தகடுகள் போன்ற மெல்லிய பாகங்கள் அந்த வேகத்தில் நெளிந்துவிடும் என்பதால் அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவரும் பொறுமையும் போதும். தளத்தின் அடியில் ஓடும் சட்டங்களை இந்த வகை ஜீப்பில் கட்டாயம் திறந்து பாருங்கள். உள்ளே வைத்த மரத்துண்டுகள் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை உட்புறமிருந்து அரித்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு பூசினாலும் வீண். துருவை எடுத்து வெறும் இரும்பு தெரிந்தவுடன் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து மழைக்காலத்தில் நிறுத்திவைத்தால் அது ஈரத்தை உள்ளே விட்டுவிடும்.

பளபளப்பில்லாத பூச்சைப் பற்றி ஹவில்தார் ஐயா சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். 1960களில் ஆவடியில் தயாரிக்கத் தொடங்கிய விஜயந்தா டாங்கி ஒன்று அவர்கள் முகாம் வாயிலில் காட்சிக்கு நின்றிருந்தது. அதற்கு அவர் பெயின்ட் அடித்திருக்கிறார். பளபளப்பைக் குறைக்கும் பொருள் டப்பாவின் அடியில் தங்கிவிடும் என்பதால், அடிக்கும்போதும் இடையிடையே கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். இப்படிப் பளபளப்பில்லாத மேட் பூச்சை, காரின் பூச்சைப் போலத் தேய்த்தோ பாலிஷ் போட்டோ திருத்த முடியாது. ஓரிடத்தில் வழிந்தாலும் அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஆகையால் மெல்லிய பூச்சுகளாக, ஈரப்பதம் குறைந்த நாளில் அடிப்பது நல்லது.

எங்கள் ஜீப்புக்குப் பச்சை அடிக்கவில்லை. பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறெந்த மோட்டார் வண்டிக்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி சொல்கிறது. இதைத் தவிர்க்கச் சிலர் பாலைவன மணல் நிறம் பூசி, பானட்டில் வெள்ளை நட்சத்திரமும் வரைகிறார்கள். அந்த வண்டி ஒருநாளும் அணியாத நிறத்தை அதற்கு அணிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, நண்பருக்கும் இல்லை. அடுக்குகளைப் படித்திருந்ததால் தோட்டத்தின் நீலம் கைவசம் இருந்தது. வெயிலில் வெளிறிய இடத்தை விட்டுவிட்டு, பானட் கீலின் அடியில் மறைந்திருந்த நீலத்தைக் கொண்டே கடையில் நிறம் கலந்து வாங்கினோம். பானட்டின் உட்புறத்தில் தேய்த்த வட்டத்தை மட்டும் நிறமற்ற கிளியர் கோட் அடித்துப் பாதுகாத்திருக்கிறோம். பம்பரின் அம்புக்குறியை அளவுகோல் வைத்துப் படமெடுத்துக்கொண்ட பிறகே அதன் மேல் பூசினோம்.

ஆர்.சி. புத்தகத்திலும் நிறம் நீலம் என்றே இருந்ததால் எங்களுக்கு அலைச்சல் இல்லை. வேறு நிறத்துக்கு மாற நினைப்பவர்கள் பெயின்ட் வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.