மறுமொழி: மேல்தாடைச் சைனஸில் முளைத்த பல், எலும்பு வளர்ச்சி

அன்புடையீர்,

நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மேல்தாடைச் சைனஸ், அதற்குள் முளைக்கும் பல், எலும்பு வளர்ச்சி ஆகியவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் இன்னும் முடிவாகவில்லை.

சைனஸ் என்றே விடலாம் என்கிறீர்கள். "எனக்குச் சைனஸ் இருக்கு" என்று ஊரே நோயைத்தானே சொல்கிறது? எல்லோருக்கும் இருக்கிற உறுப்பு அது.

சைனஸுக்கு ஐயா சொன்ன "புரை" நல்ல சொல். புரையோடிய புண் என்கிறோம், உட்டுளை என்ற பொருள் நிற்கிறது. ஆனால் நோயாளிக்குப் புரை என்றதும் கண்புரைதான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் சாப்பிடும்போது புரையேறுவது. "புரைதீர்ந்த நன்மை பயக்கும்" என்ற குறளில் அது குற்றம், தொல்காப்பியத்தில் "புரைய" உவம உருபு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் இத்தனையையும் தாண்டி வர வேண்டுமா?

நான் "மேல்தாடைக் காற்றறை" என்பேன். மேல்தாடை எலும்புக்கு உள்ளே காற்று நிறைந்த அறை. அதன் தரையை ஒட்டித்தான் கடைவாய்ப்பல் வேர்கள் இருக்கின்றன, மூக்குக்குப் போகும் வாயிலோ மேலே இருக்கிறது. அதனால்தான் உள்ளே சேரும் சளி எளிதில் வடிவதில்லை.

அந்தக் காற்றறைக்குள் இருக்கும் பல்லுக்கு "இடந்தவறிய பல்". அக்கா தந்த "பிறழெயிறு" (எயிறு என்றால் பல்) அழகுதான், "வாலெயிறு ஊறிய நீர்" என்ற குறளைப் படித்தவர்களுக்கு. தெற்றுப்பல் ஆகாது, அது வாய்க்குள் வரிசை தப்பியது.

எலும்பு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். சுவரிலிருந்து புடைத்து வளர்வது "எலும்புப் புடைப்பு", ஆஸ்டியோமா என்ற தீங்கற்ற எலும்புக் கட்டி "எலும்புக் கழலை". தாடையில் பல கழலைகளும் கூடுதல் பற்களும் சேர்ந்து வந்தால் கார்ட்னர் நோய்த்தொகுதியா (பெருங்குடலில் பல கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோய்) என்று பெருங்குடலையும் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் அந்த எச்சரிக்கையே காணாமல் போகும்.

----

நண்பருக்கு,

கழலை சரி, புடைப்பும் சரி. "இடந்தவறிய" எனக்கு ஒப்பவில்லை. பல நேரங்களில் முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாகி, அது வளர வளரப் பல்லையே மேலே காற்றறைக்குள் தள்ளிவிடுகிறது. பல் உண்மையிலேயே நகர்ந்திருக்கிறது, ஆக "இடம்மாறிய பல்" என்பதே பொருத்தம். கருப்பைக்கு வெளியே தங்கும் கருவுக்கும் இடம்மாறிய கரு என்று எழுதி மருத்துவமனைகளில் பழகிவிட்டது.

----

எல்லாப் பல்லுமா நகர்கிறது? சில அங்கேயே உருவாகின்றனவே. இருந்தாலும் கேட்டவர்களில் பெரும்பாலோர் "இடம்மாறிய" என்கிறார்கள், நாளை காலை அப்படியே அனுப்பிவிடுகிறேன். ஐயா புரையை விடமாட்டார் என்று தெரியும். கலைச்சொல் அகராதியில் அவர் சொல்லும் இருக்கட்டும், கையேட்டில் காற்றறைதான்.