புதுப்பிப்பு: கோயில் ஜெனரேட்டர் டீசலில் தண்ணீர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் ஜெனரேட்டர் இருமி இருமி அணைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் சொன்னது சரிதான், டாங்கியில் தண்ணீர்.

தண்ணீர் டீசலைவிட கனம், அடியில்தான் தங்கும். ராத்திரி முழுக்க ஆடாமல் விட்டு, அடித்திருகைத் திறந்தோம். முதலில் கலங்கல், அப்புறம் கறுத்த கொழகொழப்பு. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் கிருமிகளின் வேலை அது. தெளிந்த டீசல் வரும்வரை வடித்து, ஃபில்டரையும் மாற்றியாயிற்று.

தண்ணீர் வந்த வழிதான் வேடிக்கை. டாங்கியில் ஊற்றும் டீசலை வைத்திருந்த டிரம் வெளியே நிமிர்ந்து நின்றது. மழைத்தண்ணீர் அதன் தலையில் தேங்கும். வெயிலில் உள்காற்று விரிந்து வெளியேறும். குளிர்ந்ததும் சுருங்கி, திருகுமூடி இடுக்கு வழியாகத் தேங்கிய தண்ணீரை உறிஞ்சும். ஓட்டையே தேவையில்லை! போதாததற்கு, 2019 முதல் இங்கே வந்த பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயில் செய்த பயோடீசல். அது ஈரத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். டிரம் இப்போது கூரைக்கடியில் படுத்திருக்கிறது.

தண்ணீரைக் கரைக்க டாங்கியில் ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஊற்றச் சொன்ன அண்ணே, டீசலுக்கு அது ஆகாது, ஊற்றவில்லை. வடித்த கழிவை வாய்க்காலில் விடாமல், மெக்கானிக் கடையின் கழிவெண்ணெய் டிரம்மில் சேர்த்துவிட்டோம்.