சிஎன்சி ஆபரேட்டர் தேவை: ஃபேஸ்புக்கில் லைக் குவிகிறது, ஆள் வரவில்லை

குறிச்சி_லேத்
வணக்கம். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் 40 பேர் வேலை செய்யும் மெஷின் ஷாப். சிஎன்சி டர்னிங்குக்கு (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் லேத்) 6 ஆபரேட்டர், தரக்கட்டுப்பாட்டுக்கு ஒரு இன்ஜினியர் தேவை. "ஆட்கள் தேவை, சம்பளம் தகுதிக்கேற்ப" என்று போஸ்டர் செய்து ஃபேஸ்புக்கில் பணம் கட்டி பூஸ்ட் கொடுத்தோம். லைக்கும் "இன்ட்ரஸ்ட்டட்" கமென்ட்டும் நிறைய. நேரில் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதே போஸ்டரை லிங்க்ட்இன்னிலும் போட்டோம்; வந்த விண்ணப்பங்களில் பாதி வேறு துறை. எதை மாற்ற வேண்டும்?

விளம்பரக்_கணக்கு
முதலில் பூஸ்ட் பட்டனை விடுங்கள். பூஸ்ட் கொடுக்கும்போது இலக்கை மாற்றாமல் விட்டால், பெரும்பாலும் லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடித்தான் ஃபேஸ்புக் காட்டும். உங்களுக்கு வந்ததும் அதுதான். ஃபேஸ்புக்கின் தனி வேலைவாய்ப்புப் பகுதியும் 2022 பிப்ரவரியில் நம் நாட்டில் மூடப்பட்டுவிட்டது. எனவே ஃபேஸ்புக்கின் முழு விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜர் வழியாகப் போவதே சரி.

பக்கத்தோடு ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணை இணைத்து, விளம்பரத்தைத் தட்டினால் நேராக அந்த உரையாடல் திறக்கும்படி வையுங்கள். இடத்துக்கு "கோயம்புத்தூர்" என்று மட்டும் கொடுத்தால் கல்லூரி மாணவர்களிடமே பணம் கரையும். கம்பெனி இருக்கும் இடத்தில் பின் குத்தி 20 கிலோமீட்டர் சுற்றளவு ஒன்று. தங்குமிடம் தருவதாக இருந்தால் பொள்ளாச்சி, உடுமலை, பழனிக்குத் தனியாக ஒன்று. இரண்டுக்கும் வாசகம் வேறு. உள்ளூர்க்காரருக்கு ஷிப்ட் நேரமும் பஸ் வசதியும் முக்கியம், வெளியூர்க்காரருக்கு ரூமும் சாப்பாடும்.

போட்ட விளம்பரத்தைத் தினமும் நோண்டாதீர்கள். ஒரு வாரத்தில் சுமார் 50 பேராவது மெசேஜ் அனுப்பினால்தான் யாருக்குக் காட்டுவது என்று அந்த மென்பொருள் ஓரளவு பழகும். நடுவில் படத்தையோ பட்ஜெட்டையோ பெரிதாக மாற்றினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் சிறு பட்ஜெட்டை நாலு விளம்பரமாகப் பிரிப்பதும் வீண்.

இனி வாசகம். "சம்பளம் தகுதிக்கேற்ப" என்ற வரிதான் உங்கள் போஸ்டரின் பெரிய ஓட்டை. வேறு கம்பெனியில் வேலையில் இருப்பவர் அதை நம்பி அரைநாள் லீவு போட்டு வரமாட்டார். கையில் எவ்வளவு வரும் என்று எழுதுங்கள். உதாரணமாக அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய், முழுத் தொகைக்கும் பிஎஃப் என்றால் 12% வீதம் 2,160, இஎஸ்ஐ 0.75% வீதம் 135. பிடித்தம் போகக் கையில் 15,705. ஓடி (ஓவர்டைம்) தனி, மணிக்கு எவ்வளவு என்பதும் வேண்டும். மெஷினின் கன்ட்ரோலர் ஃபேனக்கா சீமென்ஸா, செட்டிங் (புது வேலைக்கு மெஷினைத் தயார் செய்வது) தெரிய வேண்டுமா, இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றி ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போடத் தெரிந்தால் போதுமா என்பதையும் போடுங்கள். ஆபரேட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். படத்துக்கு இணையத்தில் எடுத்த கோட் சூட் ஆசாமி வேண்டாம். உங்கள் ஷாப் ஃப்ளோரில் அந்த மெஷினையே செல்போனை நிமிர்த்திப் பிடித்து 20 நொடி வீடியோ எடுத்தால் போதும். டிராயிங், வாடிக்கையாளர் பெயர் எதுவும் அதில் தெரியக்கூடாது.

ஷிப்ட்_பி
மேலே சொன்னது சரி. ஆனால் மெசேஜ் வந்த பிறகுதான் பாதி ஆளை இழக்கிறோம். ஆபரேட்டர் ஷிப்ட் முடிந்து இரவு 10 மணிக்கு மெசேஜ் போடுவார். ஆபீஸில் மறுநாள் 11 மணிக்குப் பார்த்து "ரெஸ்யூம் அனுப்பவும்" என்பார்கள். அவரிடம் ரெஸ்யூம் இருக்காது, அதோடு விட்டுவிடுவார்.

தானாகப் போகும் வரவேற்பு மெசேஜில் நான்கே கேள்வி வையுங்கள்: எந்த ஊர், எந்த மெஷின், எத்தனை வருடம், எப்போது சேரலாம். தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம் என்றும் சொல்லுங்கள். அடிக்கடி கேட்கப்படும் சம்பளம், ரூம், வழி ஆகியவற்றுக்குக் குயிக் ரிப்ளை தயார் செய்துவிட்டால் ஸ்லாஷ் அடித்து ஒரே தட்டில் அனுப்பலாம். "பேசியாச்சு", "டிரையல்", "பிறகு கூப்பிடு" என்று லேபிள் ஒட்டுங்கள். டிரையலுக்கு முதல் நாள் மாலை கூகுள் மேப் இருப்பிடத்தோடு ஒரு நினைவூட்டல் அவசியம். முதலாளியின் சொந்த எண் வேண்டாம், தனி சிம் வாங்குங்கள்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்டை நம்ப வேண்டாம். 256 பேர் வரை சேர்க்கலாம்தான், ஆனால் உங்கள் எண்ணை செல்போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதைவிட உங்களிடம் இருக்கும் 40 பேர்தான் பெரிய பலம். ஐடிஐயில் கூடப் படித்தவர்கள் குரூப் அவர்கள் எல்லோரிடமும் உண்டு. போஸ்டரை ஒவ்வொருவருக்கும் புதிதாக அனுப்புங்கள். பல கை மாறிய மெசேஜை வாட்ஸ்அப் ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் ஃபார்வர்ட் செய்ய விடும். தேவையான விவரம் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். கீழே எழுதியது வழியில் கழன்றுவிடலாம். கடைசித் தேதி கட்டாயம். இல்லையென்றால் அடுத்த வருடமும் போன் வரும்.

தர_ஆய்வு
இன்ஜினியர் பணிக்கு மட்டும் சொல்கிறேன். லிங்க்ட்இன்னில் போஸ்டர் படம் போடுவதும் வேலை அறிவிப்பு பதிவதும் ஒன்றல்ல. படத்துக்குள் இருப்பதை நம்பி தேடலில் வந்துவிடலாம் என்று இருக்க முடியாது. அறிவிப்பாகப் பதியுங்கள், பதவிப் பெயரை எல்லோரும் தேடும் சொல்லிலேயே வையுங்கள். தகுதிக் கேள்விகளில் இரண்டைக் கட்டாயமாக்குங்கள்: சிஎம்எம் (பாகத்தின் அளவுகளைத் துல்லியமாகச் சோதிக்கும் மெஷின்) இயக்கிய அனுபவம், பிபிஏபி (பாகத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்கும் நடைமுறை) ஆவணம் தயாரித்த அனுபவம். ஈஸி அப்ளை திறந்திருந்தால் ஒரே தட்டில் யாரும் விண்ணப்பிப்பார்கள்; வேறு துறைக்காரர்களைச் சலிக்க அந்தக் கேள்விகள்தான் வழி.

கூடவே நீங்களே தேடுங்கள். நல்ல இன்ஜினியர் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருப்பார், அறிவிப்பைத் தேடி வரமாட்டார். சிஎம்எம், பிபிஏபி என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டு, இடத்துக்குக் கோவை, ஓசூர் என்று வடிகட்டி, கனெக்‌ஷன் கோரிக்கையோடு இரண்டு வரிக் குறிப்பு அனுப்புங்கள்: என்ன பாகம், எந்த அளவுக் கருவிகள், சம்பள வரம்பு. "அருமையான வாய்ப்பு" என்று தொடங்கும் மெசேஜை யாரும் திறப்பதில்லை.

விண்ணப்பித்தவரின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் துருவுவது வேண்டாம். சாதி, மதம், குடும்ப நிலை எல்லாம் கண்ணில் படும். அதன் பிறகு அதைப் பார்க்காத மாதிரி முடிவெடுக்க யாராலும் முடியாது. செய்த வேலையை நேரில் கேட்டாலே போதும்.

குறிச்சி_லேத்
மூவருக்கும் நன்றிங்க. புது போஸ்டரில் "ஆண்கள் மட்டும், 30 வயதுக்குள்" என்று இருக்கிறது. அப்படியே விடலாமா? ஆதார் நகலையும் வாட்ஸ்அப்பிலேயே வாங்கிவிடலாம் என்று இருக்கிறோம்.

ஷிப்ட்_பி
"ஆண்கள் மட்டும்" என்பதை எடுத்துவிடுங்கள். ஒரே வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டமே தடுத்தது, 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. வயது வரம்பால் செட்டிங் தெரிந்த 35 வயது ஆளைத்தான் இழப்பீர்கள்.

ஆதார் வேலை உறுதியான பிறகு, நேரில். முன்கூட்டியே ஆதார் கேட்பதும் "பதிவுக் கட்டணம்" கேட்பதும் போலி வேலை கும்பல்களின் வழக்கம், விவரம் தெரிந்த ஆள் அங்கேயே பிளாக் செய்துவிடுவார். "யாரிடமும் பணம் வாங்குவதில்லை" என்ற வரியையும் கம்பெனி லேண்ட்லைன் எண்ணையும் போஸ்டரில் சேருங்கள். உங்கள் பெயரில் யாராவது பணம் கேட்பதாகத் தெரிந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு பக்கத்தில் எச்சரிக்கை பதிவிடுங்கள், பணம் கொடுத்தவரை உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.