அலியை விட்டு விலகிய மருத்துவரும் விலகாத பயிற்சியாளரும்

கயிற்றோரம் (கேள்வி):

வணக்கம். குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கடைசி ஐந்து போட்டிகளின் பதிவுகளைச் சென்ற மாதம் வரிசையாகப் பார்த்து முடித்தேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸுடன் பதினைந்து சுற்றுகள் மோதி அலி வென்றார். அதன் பிறகு அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதைக் காட்டிய பரிசோதனை அறிக்கையின் படிகளை அலிக்கும் அவருடைய மனைவிக்கும் மேலாளருக்கும் அனுப்பினார். எவரிடமிருந்தும் பதில் வராததால் அணியை விட்டே விலகினார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியோ விலகவில்லை. 1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸிடம் அலி அடிபட்டபோதும், 1981 டிசம்பரில் பஹாமாஸின் நாசோ நகரில் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றபோதும் டண்டிதான், சுற்றுகளுக்கு இடையே அலி வந்து அமரும் மூலையில் நின்றார். இவ்விருவரில் அலிக்கு உண்மையான நன்மை செய்தவர் யார்? விலகியதால் பச்சேகோவின் மனச்சான்று காப்பாற்றப்பட்டதே தவிர அலி காப்பாற்றப்படவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆயினும் டண்டி உடன் நின்றது அந்தப் போட்டிகளுக்கு ஒரு மரியாதையைத் தேடித் தந்துவிட்டதோ என்ற ஐயமும் எழுகிறது. இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பத்தாம் சுற்று:

நண்பரே, ஹோம்ஸ் போட்டியின் இறுதி நிமிடங்களை மீண்டும் பாருங்கள். நடுவர்கள் மூவரும் பத்துச் சுற்றுகளையும் ஹோம்ஸுக்கே கொடுத்திருந்தார்கள். அலியின் கைகள் முகத்தை மறைப்பதற்கு மட்டுமே உயர்ந்தன. பத்தாம் சுற்று முடிந்ததும் டண்டி போட்டியை நிறுத்தச் சொன்னார். அணியைச் சேர்ந்த பண்டினி பிரவுன் இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று மன்றாடியபோதும் அவர் இணங்கவில்லை. அன்று அந்த மூலையில் டண்டி இல்லாதிருந்தால் பதினைந்து சுற்றுகளும் நடந்து முடிந்திருக்கக்கூடும். 1975இல் மணிலாவில் அலியுடன் மோதிய ஜோ ஃபிரேசியரைப் பதினைந்தாம் சுற்றுக்கு அனுப்ப மறுத்த அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் செய்ததும் இதே பணிதான். மூலையில் நிற்பவருக்கு இருக்கும் ஒரே அதிகாரம் நிறுத்துவது. வெளியேறியவருக்கு அதுவும் கிடையாது.

எனினும் என் மனத்தில் பெருங்குற்றம் வேறிடத்தில்தான் இருக்கிறது. போட்டிக்கு முன்பு மேயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். பேச்சில் சிறு குழறலும், விரலால் மூக்கைத் தொடுவதில் தடுமாற்றமும், ஒற்றைக் காலில் துள்ளுவதில் சிரமமும் அந்த அறிக்கையில் பதிவாகியிருந்தன. அப்படியிருந்தும் நெவாடா மாநிலம் உரிமம் வழங்கியது. அதற்கு மேல், தைராய்டுக்கான மாத்திரைகளை உட்கொண்டு அலி மளமளவென்று எடை குறைந்திருந்தார். பார்ப்பவர்களுக்கு அவர் இளமை திரும்பியவராகத் தெரிந்தார். ஆனால் உடலில் நீரும் வலுவும் வற்றிப்போயிருந்தன.

பயிற்சிக்கூடத்துக்காரன்:

இளையவர்களுக்கு இருபது ஆண்டுகளாகக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வயது முதலில் பறித்துக்கொள்வது பலத்தையன்று, காலத்தை. எதிராளியின் தோள் அசைவதைக் கண் காண்கிறது, எந்தக் குத்து வருகிறது என்பதும் தெரிகிறது, ஆனால் தலை விலகுவதற்குள் குத்து வந்து சேர்ந்துவிடுகிறது. சண்டையிடுபவர் இதைத் தன் தளர்ச்சியாக எண்ணுவதில்லை. அன்றைய பயிற்சி போதவில்லை என்றே எண்ணிக்கொள்கிறார். ஆகவே ஓய்வு பெறும் நாளை அவரே தீர்மானிக்கட்டும் என்பது, கேட்பதற்கு மரியாதையாக இருந்தாலும், பொறுப்பைக் கைகழுவும் பேச்சாகவே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, பதிவேட்டில் ஏறாத அடிகள். அலி தம் பயிற்சி முகாமில் கயிற்றில் சாய்ந்துகொண்டு, உடல் உரமேறும் என்ற நம்பிக்கையில், பயிற்சித் துணைவர்களைத் தம்மை அடிக்கவிடுவார். அந்தத் துணைவர்களில் ஒருவராக இருந்தவர்தான் ஹோம்ஸ். அலியின் கணக்கில் உள்ள 61 போட்டிகளை மட்டும் எண்ணுபவர்கள் அவர் வாங்கிய அடிகளில் ஒரு பகுதியைத்தான் எண்ணுகிறார்கள். 1984இல் பார்கின்சன் நோய்க்குறிகள் உறுதிசெய்யப்பட்டபோது அவருக்கு வயது 42.

ஜார்ஜ் ஃபோர்மன் 45ஆம் வயதில் பட்டம் வென்றாரே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. 1994 நவம்பரில் மைக்கேல் மூரருக்கு எதிராக அவர் பத்தாம் சுற்று வரை புள்ளிகளில் தெளிவாகப் பின்தங்கியிருந்தார். முகத்தில் அடி வாங்கிக்கொண்டேதான் அந்த ஒரு வலக்கைக் குத்துக்காகக் காத்திருந்தார். 1977 முதல் 1987 வரை ஓய்விலிருந்த பத்தாண்டுகளில் அவர் போட்டிகளில் ஒரு குத்தும் வாங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதியவர்களில் கடைசிவரை எஞ்சி நிற்பது குத்தின் கனம் மட்டுமே. அலியின் கலையோ கால்களில் இருந்தது.

உரிமம்:

மேயோ அறிக்கையைப் பற்றிப் பத்தாம் சுற்று நண்பர் எழுதியதைத் தொடர்கிறேன். இங்கே ஜெர்ரி குவாரியை நினைவுகூர்வது கடமை என்று கருதுகிறேன். 1970 அக்டோபரில் அட்லாண்டாவில், மூன்றரை ஆண்டுத் தடைக்குப் பின் திரும்பிய அலியை முதலில் எதிர்கொண்டவர் இவர்தான். 1983இல் ஒரு விளையாட்டு இதழின் ஏற்பாட்டில் நடந்த பரிசோதனையிலேயே அவருடைய மூளையில் பாதிப்பு தெரிந்தது. அப்படியிருந்தும் 1992இல், 47 வயதில், உரிமம் வழங்கும் ஆணையமே இல்லாதிருந்த கொலராடோ மாநிலத்தில் அவர் ஆறு சுற்றுகள் மோதித் தோற்றார். அதற்குக் கிடைத்த ஊதியம் 1,050 டாலர். பின்னர் உடை உடுத்தவும் பிறர் துணை தேவைப்படும் நிலையை அடைந்து, 1999இல் தம் 53ஆம் வயதில் இறந்தார்.

ஒரு மாநிலத்தின் மருத்துவத் தடையை மற்ற மாநிலங்களும் மதிக்கவேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் 1996இல்தான் வந்தது. அதன் பிறகும் வாசல் முழுவதுமாக மூடப்படவில்லை. 2021இல் 58 வயது இவாண்டர் ஹோலிஃபீல்டை அனுமதிக்கக் கலிஃபோர்னியா மறுத்ததும், போட்டி ஃபுளோரிடாவுக்கு இடம்பெயர்ந்தது. முதல் சுற்றிலேயே அவர் வீழ்ந்தார். எனவே பச்சேகோவா டண்டியா என்ற கேள்வியைவிட, அவர்கள் இருவருக்கும் மேலே அமர்ந்து கையெழுத்திட்டவர்கள் யார் என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாசோவில் அலி மோதியதும் அமெரிக்க மாநிலங்கள் அவருக்கு உரிமம் தரத் தயங்கிய காலத்தில்தான்.

பழைய மெட்ராஸ்காரர்:

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். நான் கல்லூரி மாணவன். இரவல் வாங்கிய பணத்தில் நுழைவுச்சீட்டு எடுத்துப் போயிருந்தேன். அலி அப்போது ஓய்வை அறிவித்திருந்தவர், இடுப்பில் சதை போட்டிருந்தவர். ஆயினும் அவர் இரண்டடி பின்னால் வைத்து ஒருமுறை கால்களை மாற்றி ஆடியபோது அரங்கமே எழுந்து நின்றது. மீண்டும் மோதுங்கள் என்று என் அருகில் இருந்தவர்கள் தமிழிலேயே கூவினார்கள், நானும் கூவினேன். அதே ஆண்டு அக்டோபரில் ஹோம்ஸ் போட்டியின் செய்தியை நாளிதழில் படித்த காலைப்பொழுது இன்றும் நினைவில் இருக்கிறது. அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை.