இரைப்பைப் புற்றுநோய்க்கு இரண்டாம் கட்ட கீமோதெரபி: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கல்லீரலுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோய்க்காக என் அப்பா (வயது 63) பெற்றுவந்த ஆக்சாலிபிளாட்டின், கேப்சிடபைன் மருந்துகள் ஆறு சுற்றுகள் வரை நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தன; சென்ற வாரம் எடுத்த சி.டி. ஸ்கேனில் கட்டிகள் மீண்டும் வளர்ந்திருப்பது தெரிந்தது. ஹெர்2 (புற்றணுக்களில் மிகுந்திருக்கக்கூடிய ஒரு புரதம்) பரிசோதனை நெகட்டிவ்.

மருத்துவர் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார். 28 நாள் சுற்றில் 1, 8, 15ஆம் நாட்களில் பாக்லிடாக்சலும் அதனுடன் இரு வாரங்களுக்கு ஒருமுறை ராமுசிருமாபும் (கட்டிக்குப் புதிய ரத்த நாளங்கள் உருவாவதைத் தடுக்கும் மருந்து) ஏற்றுவது ஒன்று. இரினோடெகான் மட்டும் தருவது மற்றொன்று. 2014இல் வெளியான ரெயின்போ ஆய்வில், பாக்லிடாக்சலை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்த காலம்) 7.4 மாதங்களாகவும், ராமுசிருமாபையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 9.6 மாதங்களாகவும் இருந்தது. அந்த இரண்டு மாதங்கள் எங்களுக்குப் பெரியவை.

ஆனால் ஆக்சாலிபிளாட்டினால் அப்பாவின் பாதங்கள் ஏற்கெனவே மரத்துப்போயிருக்கின்றன. செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. பாக்லிடாக்சலும் நரம்புகளைப் பாதிக்கும் என்பதால், அவர் நடக்கவே முடியாமல் போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன். இரினோடெகானோ கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது. அவர் இப்போதே அரை இட்லிக்கு மேல் உண்பதில்லை.

இதே நிலையில் இருந்தவர்களோ, அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களோ இங்கிருந்தால், எந்த மருந்தைத் தேர்ந்தீர்கள், மரத்துப்போதல் எவ்வளவு கூடியது, மருந்தின் அளவைக் குறைத்தார்களா என்று தயவுசெய்து எழுதுங்கள். ராமுசிருமாபின் செலவை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். வரும் வியாழக்கிழமை மருத்துவரிடம் எங்கள் முடிவைச் சொல்ல வேண்டும்.